மிகையுணர்ச்சி நாடகம் (சென்னை)

மிகையுணர்ச்சி நாடகம் என்பது காதல், வஞ்சகம், பழி, கடைசி நொடி மீட்பு ஆகியவற்றை உரக்கச் சொல்லும் மேடை வகை, ஆங்கிலத்தில் மெலோடிராமா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் லைசியம் அரங்கில் மெல்வில் சகோதரர்கள் இவ்வகையை நடத்திவந்தனர். அவர்கள் நாடகங்களில் கெட்ட பெண் பாத்திரத்துக்கே பெரும் வரவேற்பு. ஏறக்குறைய அதே காலத்தில் இவ்வகை சென்னையில் தமிழுக்கு ஏற்றபடி உருமாறியது. வடசென்னையின் நுழைவாயிலான சென்ட்ரல் ரயில் நிலையத்தின் இரு பக்கங்களிலும் இருந்த அரங்குகள் அதற்குக் களம்.

மேற்கே விக்டோரியா பொதுமண்டபம். அங்கே, பெல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லுவின் சரச விநோதினி சபா நாடகங்களைக் கண்ட பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964), அதுவரை தமிழ் நாடகத்தை இகழ்ந்து வந்தவர், 1891-இல் சுகுண விலாச சபையை நிறுவினார். வக்கீல்களும் அரசு அலுவலர்களும் நடித்த அமெச்சூர் சபை அது. பாட்டைக் குறைத்து உரைநடை வசனத்தை முன்னிறுத்தினார். விடியும்வரை நீண்ட ஆட்டத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். ஷேக்ஸ்பியரையும் ‘அமலாதித்யன்’, ‘வாணீபுர வணிகன்’ என்று தமிழாக்கினார்.

1895-இல் மேடையேறிய ‘மனோகரா’ இவ்வகையின் முழு வடிவம். அரசன் புருஷோத்தமன் வசந்தசேனையின் வலையில் விழுகிறான். அரசி பத்மாவதி பழி சுமக்கிறாள். மகன் மனோகரன் சங்கிலியில் நிற்கிறான். மெல்வில்களின் கெட்ட பெண்ணுக்கு இணை வசந்தசேனை. ஆனால் ஆங்கில மேடையில் காதலி நிற்கும் இடத்தில் இங்கே தாய் நிற்கிறாள். மகனின் கையைக் கட்டியிருப்பது இரும்பைவிடத் தாயின் சொல்தான். தமிழ் மெலோடிராமாவின் திருப்புமுனை என்று இதையே சொல்ல வேண்டும். பின்வந்த சினிமாத் தாய்களின் மூலமும் இதுவே. பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினர். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் மனோகரனாக நடித்தவர்.

கிழக்கே, நகர மதிலின் செலவுக்கு விதிக்க எண்ணிய வரியால் பெயர்பெற்ற வால்டாக்ஸ் சாலை. அங்கிருந்த ஒற்றைவாடை அரங்கு தொழில்முறைக் கம்பெனிகளின் இடம். கன்னையாவின் கம்பெனி ‘தசாவதாரம்’ போன்ற நாடகங்களில் காட்சி ஜோடனையைக் கொட்டிக் காட்டியது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய ‘பவளக்கொடி’, ‘வள்ளி திருமணம்’, ‘கோவலன்’ ஆகியவற்றில் காதல் பாட்டாகவே வளர்ந்தது. மெலோடிராமா என்ற பெயரிலேயே பாட்டு இருக்கிறது. லண்டன் அதைப் பின்னணி வாத்தியமாக ஒதுக்கிவிட்டது, ஹார்மோனியத்தோடு அதை நடுமேடைக்குக் கொண்டுவந்தவை தமிழ்க் கம்பெனிகளே.

இந்தப் பாட்டு மேடையின் உச்சம் எஸ்.ஜி. கிட்டப்பா–கே.பி. சுந்தராம்பாள் ஜோடி. மேடையில் முருகனும் வள்ளியுமாக நின்றவர்கள் வாழ்விலும் இணைந்தனர். 1933-இல் கிட்டப்பா 27 வயதில் இறந்தார். அதன்பின் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். அதே வள்ளி கதையில் முருகனாக வேடமிட்டிருந்த தியாகி விசுவநாததாஸ், 1940 டிசம்பர் 31-இல் சென்னை மேடையிலேயே உயிர்விட்டார்.

பேசும்படம் வந்ததும் கம்பெனிகளின் நடிகர்களும் கதைகளும் ஸ்டுடியோக்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 1936-இல் ‘மனோகரா’ படமானபோது புருஷோத்தமனாகப் பம்மலே நடித்தார். 1954-இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், மு. கருணாநிதியின் வசனத்தில் அதே கதை மீண்டும் வந்தது. அதில் மனோகரன் சிவாஜி கணேசன். பாட்டைக் குறைத்துப் பம்மல் இடம்கொடுத்த வசனம், இம்முறை படத்தின் முதல் ஈர்ப்பாகவே ஆனது.