பேய்க் கச்சேரியில் மிருதங்கம்

பையனை மிருதங்கம் கிளாஸுக்குக் கிளப்புவது எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சண்டை. தில்லியில் பிறந்தவன், அவனுக்கு அது தாத்தா ஊர் சமாசாரம். போன வாரம் சண்டையை விட்டுவிட்டு 'கூபி கவையா பாகா பஜய்யா' போட்டேன். ஷில்பா ரானடே இயக்கிய இந்தி கார்ட்டூன் படம், 2013. ஊரார் துரத்திவிட்ட பாட்டுக்காரனுக்கும் மேளக்காரனுக்கும் காட்டில் பேய் ராஜா வரம் தருகிறார். பேயைப் பார்த்ததும் சின்னவள் என் மடியில் ஏறிவிட்டாள். ஐந்தே நிமிஷம், அப்புறம் ஒரே சிரிப்பு.

கதை பழசு. உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1915ல் 'சந்தேஷ்' பத்திரிகையில் எழுதியது. பேரன் சத்யஜித் ராய், தன் மகன் கேட்டதற்காக அதை சினிமாவாக்கினார், வெளிவந்தது 1969ல். அதில் ஆறு நிமிஷத்துக்கு மேல் பேய்களின் நடனம். ராஜாக்கள், வெள்ளைக்காரர்கள், சாமானியர்கள், தொந்திக்காரர்கள் என்று நாலு கோஷ்டி (செத்தும் வர்க்க பேதம் போகவில்லை!). பாட்டு கிடையாது, தாளம் மட்டும். வங்காளத்துப் பேய்களுக்கு ராய் பிடித்த வாத்தியங்கள் என்ன தெரியுமோ? நம்ம மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங்!

அதையும் போட்டுக் காட்டினேன். மொபைலில் மூழ்கியிருந்த பையன் நிமிர்ந்தான்.

"அப்பா, இது எங்க சார் வாசிக்கிறதுதானே?"

பேய்கள் அடித்துக்கொண்டு ஓயும்வரை தொடையில் தட்டிக்கொண்டே இருந்தான். இந்த ஞாயிறு கிளாஸுக்குப் போவானா, தெரியாது. மிருதங்கத்தின் உறையை மட்டும் அவனே கழற்றி வைத்திருக்கிறான்.