கருவி மாற்றமும் தொழில் நினைவும்
படத்தொகுப்பாளர் எதிர்கொண்ட 2011 ஆம் ஆண்டு நெருக்கடி பற்றிய ஒரு நோக்கு

கலைகளின் வரலாற்றை எழுதுவோர் கலைஞரையும் அவர்தம் ஆக்கங்களையும் முதன்மைப்படுத்தி, அவர்கள் கையாண்ட கருவிகளை அடிக்குறிப்பிற்குரியனவாக ஒதுக்கிவிடுவது வழக்கம். திரைப்படத்தைப் பொறுத்தவரை இந்நோக்கு முழுமையானதன்று. இயந்திரத்தின் துணையின்றித் தோன்றவியலாத கலை அது. அதிலும் படத்தொகுப்பென்பது தொடக்கம் முதல் முடிவுவரை கருவியோடு பிணைந்த உழைப்பாகும்.

பல்லாண்டு பழகிய கருவியைக் கைவிட்டு வேறொன்றை ஏற்க எண்ணும் படத்தொகுப்பாளர் எவற்றை எடைபோடுகின்றார்? விலை, வேகம், வசதி என்பனவே விடையெனத் தோன்றலாம். ஆயின் 2011 இல் படத்தொகுப்பு மென்பொருள் உலகில் எழுந்த நெருக்கடியை ஆராயுமிடத்து, இவற்றினும் ஆழமான வினாவொன்று அங்கு உள்ளுறைந்திருந்தமை புலனாகும். உழைத்து உருவாக்கியதைக் கருவி மாறிய பின்னரும் திறந்து பார்க்கவும், பிறரிடம் கையளிக்கவும் இயலுமா என்பதே அவ்வினா. அதன் வரலாற்றுப் பின்னணியைத் தெளிவாக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படச்சுருளிலிருந்து கணினிக்கு

இவான் செரூரியர் உருவாக்கிய மூவியோலா 1924 இல் படத்தொகுப்புப் பொறியாகப் பயன்பாட்டிற்கு வந்தது. பல தசாப்தங்கள் ஹொலிவூட்டின் தொகுப்பறைகளில் அதுவே கோலோச்சியது. பின்னர் ஜேர்மனியில் தோன்றிய ஸ்டீன்பெக், கெம் முதலிய மேசைப் பொறிகள் பரவின. மூவியோலாவிற் பழகியோர் மேசைப் பொறியை ஐயத்துடன் நோக்கியதும் உண்டு. ஆயினும் அம்மாற்றம் எவருடைய முந்தைய உழைப்பையும் அழிக்கவில்லை. பொறிகள் வேறுபட்டனவேயன்றி அவற்றில் ஓடிய படச்சுருள் வேறுபடவில்லை. ஒரு பொறியில் வெட்டி ஒட்டிய சுருளை மற்றொரு பொறியில் ஏற்றிப் பார்க்க முடிந்தது. கருவி தனியுடைமையாக இருந்தபோதும் மூலப்பொருள் பொதுவானதாக இருந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

மின்னணு முறை இந்நிலையை மாற்றியது. 1971 இல் அறிமுகமான சி.எம்.எக்ஸ். 600, 1984 இல் லூகாஸ்பிலிம் நிறுவனம் காட்சிப்படுத்திய எடிட்ட்ரொயிட் ஆகியவை இத்துறையின் முன்னோடி முயற்சிகளாகும். 1987 இல் பில் வோர்னர் நிறுவிய அவிட் நிறுவனம், 1989 இல் மீடியா கொம்போசரை வெளிக்கொணர்ந்தது. கணினி வழித் தொகுப்பு தொழில்முறை உலகில் நிலைபெற வழிவகுத்தது இதுவே. இம்முறையில் படத்துண்டை எவரும் வெட்டுவதில்லை. எத்துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிதல் வேண்டும் என்ற முடிவுகள் ஒரு செயற்றிட்டக் கோப்பிற் பதிவாகின்றன. அக்கோப்பைப் பெரும்பாலும் அதனை ஆக்கிய மென்பொருளே முழுமையாக வாசிக்க வல்லது. தொகுப்பாளரின் உழைப்பு, கைக்குத் தட்டுப்படும் சுருளாக இல்லாது, ஒரு நிறுவனத்தின் மொழியில் எழுதப்பட்ட பதிவாக மாறிற்று.

இதனாற் புதுமையைத் தொகுப்பாளர் வெறுத்தனர் எனக் கொள்ளுதல் தவறாகும். வோல்டர் மேர்ச் என்பார் 'த இங்கிலிஷ் பேஷன்ட்' என்னும் படத்தின் தொகுப்பைப் படச்சுருளிலே தொடங்கி, இடைநடுவில் அவிட்டுக்கு மாற்றினார். 1996 இல் வெளிவந்த அப்படம், கணினி வழி தொகுக்கப்பட்டுப் படத்தொகுப்புக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற முதற்படமாயிற்று. தக்க பயன் கண்டவிடத்து முதிர்ந்த கலைஞரும் கருவியை மாற்றத் தயங்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

உடைமையிற் புதிய கட்டம்

1990களில் அவிட் முறைமை பல்லாயிரம் டொலர் பெறுமதியுடையதாக இருந்தது. ஆதலால் அது பெரும்பாலும் நிறுவனங்களின் உடைமையாகவோ வாடகைப் பொருளாகவோ விளங்கியது. அடோபி பிரீமியரின் முதற் பதிப்புகளை உருவாக்கிய ரண்டி யுபிலோஸ், பின்னர் மக்ரோமீடியா நிறுவனத்தில் வேறொரு தொகுப்பு மென்பொருளை உருவாக்கிவந்தார். அதனை 1998 இல் விலைக்கு வாங்கிய அப்பிள் நிறுவனம், 1999 இல் பைனல் கட் புரோ என்னும் பெயரில் 999 டொலருக்கு வெளியிட்டது.

இவ்விலை வீழ்ச்சியின் சமூக விளைவு பெரிதாகும். தனியொருவர் தம் வீட்டு மேசையிலே தொழிற்றரமான கருவியை உடைமையாக வைத்திருக்கும் நிலை உருவாயிற்று. சிறு தயாரிப்பாளரும் மாணவரும் ஆவணப்படக்காரரும் இதனாற் பயன்பெற்றனர். மேர்ச் 2003 இல் வெளிவந்த 'கோல்ட் மவுண்டன்' படத்தை இதிலேயே தொகுத்தார். அங்கஸ் வோல், கேர்க் பக்ஸ்டர் ஆகியோர் இதில் தொகுத்த 'த சோஷல் நெட்வேர்க்' 2011 பெப்ரவரியில் ஒஸ்கார் விருது பெற்றது. மலிவான கருவியென்ற ஐயுறவு அத்துடன் முற்றாக நீங்கியிருத்தல் வேண்டும்.

2011 ஆம் ஆண்டு நெருக்கடி

ஆயின் அவ்விருது கிடைத்து நான்கு மாதங்கள் நிறைவுறுமுன்னரே நிலைமை தலைகீழாயிற்று. 2011 யூன் 21 இல் அப்பிள் நிறுவனம் பைனல் கட் புரோ எக்ஸ் என்னும் முற்றிலும் புதிய மென்பொருளை 299.99 டொலருக்கு வெளியிட்டு, பழைய பதிப்பின் விற்பனையையும் நிறுத்தியது. பழைய ஏழாம் பதிப்பில் உருவான செயற்றிட்டங்களைப் புதியதில் திறக்க முடியவில்லை. பல ஒளிப்படக்கருவிகளின் காட்சிகளை ஒருங்கே வைத்துத் தொகுக்கும் வசதி அதில் இருக்கவில்லை. ஒலியமைப்பாளருக்கும் நிறத்திருத்துநருக்கும் வேலையைக் கையளிக்கப் பயன்பட்ட பொதுக்கோப்பு வடிவங்களும் இடம்பெறவில்லை.

நிலையான தடங்களுக்குப் பதிலாக, துண்டுகள் ஒன்றையொன்று ஈர்த்து நகரும் 'காந்த நேரக்கோடு' அறிமுகமாயிற்று. தொகுப்பாளர் உரையாடலை ஒரு தடத்திலும் இசையை வேறொரு தடத்திலும் வைப்பது வெறும் பழக்கத்தினால் அன்று. அவ்வொழுங்கை நம்பியே ஒலிக்கூடத்தில் அடுத்தவரின் வேலை தொடங்கியது. தடம் மறைந்தபோது தொழிலாளரிடையே நிலவிய எழுதாத உடன்படிக்கையொன்றும் மறைந்தது எனலாம்.

அப்பிள் நிறுவனத்தின் பக்கத்தையும் நோக்குதல் வரலாற்றாசிரியரின் கடமையாகும். பழைய மென்பொருள் 32 பிட் அமைப்பிற் கட்டுண்டு, புதிய கணினிகளின் நினைவகத்தை முழுமையாகப் பயன்படுத்தவியலாதிருந்தது. அடித்தளத்திலிருந்து அதனைத் திருத்தி எழுதுதல் தவிர்க்கவியலாததாயிற்று. காந்த நேரக்கோடும் சிந்தனை வளம் மிக்க ஒரு புத்தாக்கமே. எனவே புதியதை ஆக்கியமை குறையன்று. புதியதற்கும் பழையதற்குமிடையே பாலம் அமைக்குமுன் பழையதைக் கடையிலிருந்து அகற்றியமையே குறையாகும்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் மனுவொன்றிற் கையொப்பமிட்டனர். அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரவு நிகழ்ச்சியொன்றும் இதனை எள்ளி நகையாடிற்று. அடோபி நிறுவனம் மாறிவருவோருக்குப் பாதி விலையை அறிவித்தது. அவிட்டும் விலைக்குறைப்பு வழங்கியது. அப்பிள் நிறுவனம் 2011 செப்டெம்பரிற் பொதுப் பரிமாற்ற வடிவமொன்றையும், 2012 ஜனவரியிற் பல ஒளிப்படக்கருவித் தொகுப்பு வசதியையும் சேர்த்தது. ஆயினும் இதற்கிடையிற் பலர் வேறு வழி தேடத் தொடங்கியிருந்தனர்.

நான்கு வழிகள்

தொகுப்பாளர் தேர்ந்த வழிகள் நால்வகைப்படும். பெரிய தயாரிப்புகளின் நீண்ட வேலைச் சங்கிலியைச் சார்ந்தோருக்கு அவிட் இயல்பான புகலிடமாயிற்று. இரண்டாம் சாரார் பிரீமியரை நாடினர். பழைய பைனல் கட்டின் விசைப்பலகை ஒழுங்கை அது வழங்கியது. அங்கிருந்து பரிமாற்ற வடிவில் வெளியேற்றிய தொகுப்புகளையும் வாசித்தது. பிரீமியரை ஈர்ப்புடையதாக்கியவற்றுள், பழைய வேலையை ஏற்றுக்கொண்ட இத்தன்மை முக்கியமானது. 'த சோஷல் நெட்வேர்க்' தொகுத்தோருள் ஒருவரான பக்ஸ்டர், 2014 இல் 'கோன் கேர்ள்' படத்தைப் பிரீமியரிலேயே தொகுத்தார். மூன்றாம் சாரார் புதிய பைனல் கட்டையே ஏற்றுப் பழகினர். 2015 இல் வெளிவந்த 'போகஸ்' இவ்வழியில் உருவான ஹொலிவூட் படமாகும்.

நான்காம் சாராரே ஆய்வுக்குச் சுவையானவர், அவர்கள் மாறவேயில்லை. 2019 இல் வெளிவந்து உலகப்புகழ் பெற்ற 'பரசைட்' என்னும் கொரியப் படத்தை, யாங் ஜின்-மோ பழைய ஏழாம் பதிப்பிலேயே தொகுத்தார். விற்பனை நின்று பல்லாண்டு கடந்த கருவியால் ஆக்கப்பட்ட அப்படம், தொகுப்புக்கான ஒஸ்கார் பரிந்துரையையும் சிறந்த படத்துக்கான விருதையும் பெற்றது. புதுமையே தரத்தின் அளவுகோல் என்ற கூற்றுக்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டியதில்லை. எனினும் இவ்வழிக்கும் எல்லை உண்டு. 2019 இல் வெளியான அப்பிளின் கட்டலீனா இயங்குதளம் 32 பிட் மென்பொருள்களை அறவே ஏற்கவில்லை. பழைய செயற்றிட்டத்தைத் திறக்க விரும்புவோர் பழைய கணினியையும் பேணிக்காத்தல் வேண்டும்.

முடிவுரை

இந்நெருக்கடியைப் பழைமைவாதத்திற்கும் புதுமைக்கும் இடைப்பட்ட போராகச் சித்திரிப்பது மேம்போக்கானதாகும். படச்சுருளிலிருந்து அவிட்டுக்கும், அவிட்டிலிருந்து பைனல் கட்டுக்கும் மனமுவந்து மாறிய தலைமுறையே 2011 இல் வெகுண்டெழுந்தது. முன்னைய மாற்றங்களை அவர்கள் தாமே தெரிவுசெய்தனர். பின்னையது அவர்கள்மீது சுமத்தப்பட்டது. வேறுபாடு அங்கேயே உளது.

1999 இல் மலிவான உரிமத்தால் தொகுப்பாளர் கருவியின் உடைமையாளராயினர். எனினும் தம் வேலை எழுதப்பட்ட மொழிக்கு அவர்கள் உடைமையாளராகவில்லை என்பதை 2011 உணர்த்திற்று. 2013 இல் அடோபி நிறுவனம் தன் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில் மட்டுமே வழங்கத் தீர்மானித்தபோது, கருவியின் உடைமையும் மீண்டும் வாடகையாக மாறத் தொடங்கியது. ஒரு நெருக்கடியிலிருந்து தப்பிப் பிரீமியரை அடைந்தோர் மற்றொரு சார்புநிலையை எதிர்கொண்டனர்.

எனவே, கருவி மாற எண்ணும் தொகுப்பாளர் முதலில் வினவவேண்டியது புதிய கருவி என்ன செய்யும் என்பதன்று. அதனை விட்டு ஒருநாள் வெளியேறும்போது எவற்றைத் தம்முடன் கொண்டு செல்லலாம் என்பதே. பொதுப் பரிமாற்ற வடிவங்களிற் படிகளை எடுத்து வைத்தலும், முடிவுற்ற படத்தைத் தனியே பேணுதலும் அவ்வினாவிலிருந்து பிறக்கும் நடைமுறைகளாகும். படச்சுருளின் காலத்தில் மூலப்பொருளின் இயல்பே வழங்கிய பாதுகாப்பை, கணினியின் காலத்தில் உழைப்பவர் தம் விழிப்பினாலேயே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது.