ஜூலியானாவின் வளை

எங்கள் அத்தையிடம் ஆறு வெள்ளித் தம்ளர்கள் இருந்தன. அவளுடைய கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த சீர் அவை. விளிம்பைச் சுற்றி மெல்லிய கொடி வேலை. கையில் எடுத்தால் கனம் தெரியும், ஆனால் உறுத்தாது. கூடத்துப் பீரோவின் மேல் தட்டில், பழைய வேஷ்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, அவற்றை வைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் திருநீற்றால் தேய்த்துப் பளபளப்பாக்குவாள். பிறகு மறுபடியும் துணியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துவிடுவாள். எங்களுக்குக் காபி கிடைப்பதெல்லாம் நசுங்கின பித்தளைத் தம்ளரில்தான்.

"அத்தே, இன்றைக்கு ஒரு நாள் இந்தத் தம்ளரில் காபி கொடேன்" என்று நான் சிறுவயதில் கேட்டதுண்டு.

"நன்றாயிருக்கே! அது விசேஷத்துக்குடா. தினம் புழங்கினால் தேய்ந்து போகாதோ?" என்பாள்.

விசேஷங்கள் வராமல் இல்லை. தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, சீமந்தம், காதுகுத்து எல்லாம் வந்தன. ஆனால் வந்த விசேஷம் ஒவ்வொன்றும் அத்தையின் கண்ணுக்குச் சற்றுச் சிறியதாகவே பட்டது. அந்தத் தம்ளர்களுக்குத் தகுந்த பெரிய விசேஷம் ஒன்று எங்கோ முன்னால் காத்துக்கொண்டிருக்கிறது என்பது அவளுடைய நம்பிக்கை.

இந்த நம்பிக்கை எங்கள் அத்தைக்கு மட்டும் உரியதென்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். அவரவர் வீட்டுப் பீரோவை ஒரு தரம் திறந்து பாருங்கள். அந்துருண்டை வாசனைக்கு நடுவே நான்கு பட்டுப் புடவைகளாவது மடிப்புக் கலையாமல் இருக்கும். பிரித்தால்தான் தெரியும், மடிப்போடு மடிப்பாகச் சரிகை விட்டுப் போயிருப்பது. கட்டினால் கிழிந்துவிடுமென்று கட்டாமல் வைத்த புடவை, கட்டாமல் வைத்ததனாலேயே கிழிந்துவிடுகிறது.

இந்த வழக்கம் நம் நாட்டோடு நிற்பதுமில்லை, இந்தக் காலத்தோடு நிற்பதுமில்லை. ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் பீரோவை நாம் திறந்து பார்க்க முடிகிறது. பீரோ என்பதைவிட மரப்பெட்டி என்று சொல்வதே சரி. அது திறந்த கதையே வேடிக்கையானது.

1992ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16ஆம் தேதி. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், சஃபோக் மாவட்டத்தில், ஹாக்ஸன் என்ற கிராமம். அங்கே ஒரு குடியானவர் தம் சுத்தியலை வயலில் எங்கோ தவறவிட்டுவிட்டார். ஓய்வு பெற்ற தோட்டக்காரரான அவருடைய நண்பரிடம் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சுத்தியலைத் தேடப் போனார் நண்பர். கருவி ஓரிடத்தில் பலமாகச் சத்தம் போட்டது. மண்ணைக் கிளறினால் பொன்னும் வெள்ளியும்! அவர்கள் பேராசைப்பட்டு முழுவதையும் தோண்டிவிடாமல் அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பினார்கள். உடனே ஆராய்ச்சியாளர்கள் வந்து, புதையலை முறைப்படி மண்ணோடு மண்ணாகப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். சுத்தியலும் பிறகு அகப்பட்டது. புதையலோடு அந்தச் சுத்தியலும் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. புதையலின் மதிப்பாக 17½ லட்சம் பவுண்டு கொடுக்கப்பட்டது. சுத்தியலின் விலையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை!

பெட்டிக்குள் என்னென்ன இருந்தன? தங்கக் காசு 569. வெள்ளிக் காசு பதினாலாயிரத்துக்கு மேல். வெள்ளிக் கரண்டிகளும் அகப்பைகளுமாக 98. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய வெள்ளிக் கிண்ணங்கள். அவை உரசிக் கீறல் விழாதபடி நடுநடுவே உலர்ந்த புல். உள்ளே சின்னஞ்சிறு பேழைகள். அவற்றுக்குச் சின்னஞ்சிறு வெள்ளிப் பூட்டுக்கள். பிறகு நகைகள். தோளிலும் இடுப்பிலும் குறுக்காக அணியும் ஒரு பொற்சங்கிலி, ஒல்லியான இளம் பெண் ஒருத்திக்குத்தான் அளவாக இருக்கும். அதைத் தவிரப் பொன் வளைகள் மட்டும் 19.

அந்த வளைகளில் ஒன்றுதான் இந்தக் கட்டுரையை எழுதும்படி என்னைத் தூண்டியது. பொன் தகட்டில் பூவேலை செய்வதுபோலத் துளைத்துத் துளைத்து, லத்தீன் மொழியில் நான்கு சொற்களை அதன்மேல் அமைத்திருக்கிறான் தட்டான். அவற்றின் பொருள் இதுதான்: "ஜூலியானா அம்மணி, இதைப் பயன்படுத்தி மகிழ்ச்சியாக இரு."

ரோமானியர்களிடையே இது வழக்கமான வாழ்த்து. மோதிரத்தில் பொறிப்பார்கள், கரண்டியில் பொறிப்பார்கள், இடுப்புவாரின் கொக்கியிலும் பொறிப்பார்கள். நாம் சுவரில் "நல்வரவு" என்று எழுதி மாட்டுகிறோமே, அதைப் போல. ஆனால் அந்த வாழ்த்தின் முதல் சொல்லை நன்றாகக் கவனிக்க வேண்டும். "பத்திரமாக வைத்துக்கொள்" என்று தட்டான் சொல்லவில்லை. "பிள்ளை பேரனுக்குக் கொடு" என்றும் சொல்லவில்லை. "பயன்படுத்து" என்கிறான். மகிழ்ச்சி என்ற சொல் அதற்கடுத்தபடிதான் வருகிறது.

ஜூலியானா யார்? யாருடைய மனைவி, யாருடைய மகள்? பெயர் ஒன்றைத் தவிர அவளைப்பற்றி வேறு எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைப் பற்றி நமக்கு ஒரு செய்தி தெரியும். அதைக் கேட்டால் அவள் சற்று நமக்கு உறவாகிவிடுவாள். அந்தப் பெட்டியில் மிளகுப்பொடி தூவும் வெள்ளிச் சிமிழ்கள் நான்கு இருந்தன. அவற்றில் ஒன்று, கொண்டை அலங்காரத்தோடு கூடிய ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவம். நாலு அங்குல உயரந்தான் இருக்கும். ஆங்காங்கே பொன்முலாம் பூசியிருக்கிறது. அடியில் திருகும் தட்டு ஒன்று உண்டு. ஒரு பக்கம் திருகினால் பொடியை நிரப்பலாம்; இன்னொரு பக்கம் திருகினால் தூவலாம்; மற்றொரு நிலையில் மூடிக்கொள்ளும். அழகுக்காக மட்டும் செய்த பொருளுக்கு இத்தனை யந்திர வேலை எதற்கு? சாப்பிடுகிறவர்கள் கைக்குக் கை மாற்றுவதற்காகவே அதைச் செய்திருக்கிறார்கள்.

அதில் நிரப்பிய மிளகு எங்கே விளைந்தது? மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில், நம் சேர நாட்டில்! அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே யவனர் மரக்கலங்கள் முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றுப் புலவர் பாடியிருக்கிறார். மலைச்சாரலில் காய்ந்த மிளகு, கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி, மறுபடியும் கடல் தாண்டி, ஜூலியானா வீட்டு மேஜையில் தூளாக விழுந்திருக்கிறது.

அப்படிப்பட்ட குடும்பம் தன் பொருளையெல்லாம் ஏன் மண்ணில் புதைத்தது? பெட்டியிலிருந்த காசுகளே பதில் சொல்கின்றன. அவற்றுள் மிகவும் பிந்தியவை கி.பி. 407, 408ஆம் ஆண்டுகளில் அச்சிடப்பட்டவை. 407இல் மூன்றாம் கான்ஸ்டண்டைன் என்பவன் சக்கரவர்த்திப் பட்டத்துக்கு ஆசைப்பட்டு, பிரிட்டனிலிருந்த ரோமானியச் சேனையை அழைத்துக்கொண்டு கடலைக் கடந்து போய்விட்டான். காவலுக்கு ஆள் இல்லை. 408இல் கோத்தியர் தலைவன் அலாரிக் ரோமாபுரியையே முற்றுகையிட்டான். அவன் கேட்ட கப்பத்தில் 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி இவற்றோடு 3,000 ராத்தல் மிளகும் சேர்ந்திருந்தது! தலைநகருக்கே அந்தக் கதி என்றால், சாம்ராஜ்யத்தின் ஓரத்தில் ஒரு கிராமத்தில் இருந்தவர்கள் என்ன செய்வார்கள்? பெட்டியைக் கட்டினார்கள், புதைத்தார்கள், "காலம் நன்றாகட்டும், வந்து எடுத்துக்கொள்வோம்" என்று போனார்கள். அவர்கள் திரும்பி வரவேயில்லை. பயன்படுத்து என்று சொன்ன வளை, ஏறக்குறைய 1,580 வருஷம் ஒரு கையையும் காணாமல் களிமண்ணுக்குள் கிடந்தது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். திருடனுக்குப் பயந்து புதைப்பது வேறு. தன் கைக்கே பயந்து பூட்டி வைப்பது வேறு. ஜூலியானா வீட்டார் முதல் வகை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. இத்தாலியில் பாம்பேய் நகரத்தில், மெனாண்டர் என்ற கவியின் சித்திரம் சுவரில் இருப்பதால் அவன் பெயரால் வழங்கும் மாளிகை ஒன்று உண்டு. 1930இல் அதன் நிலவறையில் ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. உள்ளே துணியில் சுற்றிய 118 வெள்ளிச் சாமான்கள். கி.பி. 79இல் வெஸுவியஸ் எரிமலை வெடித்தபோது அந்த வீட்டில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று சுற்றி வைத்தார்கள் போலும். அதுவும் நியாயமான எச்சரிக்கையே. கொத்தனார் வீட்டுக்குள் வந்தால் நாமும் அப்படித்தானே செய்கிறோம்?

அந்த எரிமலையின் அடிவாரத்திலேயே, போஸ்கோரியாலே என்ற ஊரில், 1895இல் இன்னொரு பண்ணைவீட்டைத் தோண்டினார்கள். திராட்சை ரசம் பிழியும் அறையின் தொட்டியில் வெள்ளிப் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. அவற்றில் 109 பாரிஸிலுள்ள லூவர் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் இரண்டு கிண்ணங்களைச் சுற்றி எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறான் சிற்பி. கவிகளும் தத்துவ ஞானிகளும் எலும்புக்கூடுகளாக நின்று வாதாடுகிறார்கள்; பக்கத்தில் கிரேக்க எழுத்துக்கள். உயிரோடிருக்கும்போதே வாழ்வை அனுபவி, நாளை என்பது நிச்சயமில்லை என்பது அவற்றில் ஒரு வாசகத்தின் கருத்து. இந்த உபதேசத்தைச் சுமந்த கிண்ணம் 1,816 வருஷம் இருட்டில் கிடந்தது.

நம் பக்கத்திலும் இந்தக் கதை உண்டு. 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அதில் கடைசிக் காசு வெஸ்பாஸியன் சக்கரவர்த்தியுடையது. வெஸுவியஸ் வெடித்த அதே 79ஆம் ஆண்டில், அதற்குச் சற்று முன்னால் காலமானவன் அவன். யாரோ ஒரு வியாபாரி, யாருக்காகவோ, எந்த நல்ல நாளுக்காகவோ சேர்த்து வைத்தது. பதினெட்டு நூற்றாண்டு கழித்து முன்பின் அறியாதவர்கள் எடுத்து எண்ணினார்கள்.

"அவர்கள் புதைத்து வைத்ததனால்தானே ஐயா, உமக்குச் சரித்திரம் கிடைத்தது? தினம் புழங்கியிருந்தால் தேய்ந்து, உருகி, ஒன்றும் மிஞ்சியிராதே!" என்று ஒரு வாசகர் கேட்கலாம். நல்ல கேள்விதான். மியூசியங்களில் நாம் பார்ப்பவற்றுள் பல, உரியவர்கள் அனுபவிக்காமல் போனவையே. அனுபவித்தவை தேய்ந்து மறைந்துவிட்டன. ஆகவே சரித்திரக்காரனுக்கு லாபம். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு லாபம். எனக்கும் ஒரு கட்டுரை லாபம். ஆனால் ஜூலியானாவுக்கு என்ன லாபம்? அந்த வளையைச் செய்தவன் என்னையும் உங்களையும் மனத்தில் வைத்தா அந்தச் சொற்களைத் துளைத்தான்?

வீடு நிறையப் பொருளைச் சேர்த்துவிட்டு அதை அனுபவிக்காதவனை வள்ளுவர் செத்தவனோடு சேர்த்து எண்ணுகிறார். 'நன்றியில் செல்வம்' என்று அதற்கு ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். கடுமையான தீர்ப்புத்தான். பட்டுப் புடவையோடு அடுப்படியில் நில்லுங்கள் என்றோ, இருப்பதையெல்லாம் இன்றே செலவழியுங்கள் என்றோ நான் சொல்ல வரவில்லை. நாளைக்கு வேண்டுமென்று அரிசியைச் சேர்த்து வைப்பது விவேகம். ஆனால் அழகை அப்படிச் சேர்த்து வைக்க முடியாது. அது பார்க்கிற கண்ணும் தொடுகிற கையும் இருக்கும் வரையில்தான் அழகு. தம்ளர் அடுத்த வருஷமும் இருக்கும். காபி குடிக்கிறவர் இருக்க வேண்டுமே?

அத்தையின் தம்ளர்கள் கடைசியில் ஒரு நாள் வெளியே வந்தன. அவளுடைய பதின்மூன்றாம் நாள் அன்று. வந்த உறவினர்களுக்குப் பாத்திரம் போதவில்லை என்று யாரோ பீரோவைத் திறந்து, துணியைப் பிரித்து, கழுவிக் காபியை ஊற்றிவிட்டார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. சிறுவயதில் நான் கேட்ட அதே தம்ளர், அதே கொடி வேலை. ஆனால் அதை என்னால் குடித்து முடிக்க முடியவில்லை. அவள் காத்திருந்த பெரிய விசேஷம் இதுதானா என்று நினைத்தபோது தொண்டையை அடைத்துக்கொண்டது.

பங்கு பிரித்தபோது அவற்றில் ஒன்று என்னிடம் வந்தது. தினமும் காலையில் அதில்தான் காபி குடிக்கிறேன். போன வருஷம் பேத்தி அதைக் கீழே போட்டுவிட்டாள். விளிம்பில் கொடி ஓடும் இடத்தில் சின்ன நசுங்கல்.

"தட்டானிடம் கொடுத்துத் தட்டிக்கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள் என் மனைவி.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது இருக்கட்டும்.