குளிர் நிலத்துத் தேறல்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். பூவும் புள்ளும் உணவும் தொழிலும் அவ்விரண்டையும் சார்ந்தே கருப்பொருளாகின்றன. பாட்டுக்கு வகுக்கப்பட்ட இவ்விலக்கணம் ஒரு பயிரின் வரலாற்றுக்கும் பொருந்துவதைப் பிரான்சு நாட்டுச் சிற்றூராகிய ஷாப்ளியில் காணலாம். ஷார்டொனே என்னும் திராட்சையிலிருந்து அவ்வூரார் வடிக்கும் வெண்ணிற மது உலகெங்கும் அறியப்பட்டது. அப்புகழைத் தந்தது குளிர். அவ்வூரைப் பலமுறை அழிவின் விளிம்பிற்குக் கொண்டு சென்றதும் அக்குளிரே.

நிலம்

பாரிசு மாநகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில், ஸெரேன் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்தது ஷாப்ளி. பர்கண்டிப் பகுதியின் வடகோடி அது. திராட்சை முதிர்வதற்குப் போதிய வெயில் கிடைக்குமா என்று ஆண்டுதோறும் ஐயுற வேண்டிய நிலம். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த இடமாதலின், அங்குள்ள சுண்ணாம்பு கலந்த களிமண்ணில் சின்னஞ்சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் இன்றும் கையில் அகப்படுகின்றன. கிம்மெரிட்ஜியன் என்பது அம்மண்ணடுக்கிற்கு நிலவியலார் இட்ட பெயர். தென்மேற்கு நோக்கிய ஒரே குன்றின் ஏழு பகுதிகள் அங்கு முதல் தரமாகப் போற்றப்படுகின்றன.

ஷார்டொனே வெப்ப நாடுகளிலும் விளைவதுதான். ஆங்கே அது விரைந்து பழுத்து, இனிப்பு மிகுந்து, புளிப்புக் குறைந்துவிடும். குளிர் நிலத்திலோ மெல்லப் பழுக்கிறது. அதனால் புளிப்பு குன்றாமல் நிற்கிறது. ஷாப்ளி மதுவின் கூர்மைக்கு இதுவே காரணம்.

குடிப்பிறப்பு

இத்திராட்சையின் பிறப்புப் பற்றிப் பல கதைகள் நெடுங்காலம் வழங்கின. 1999ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு உண்மையை நிறுவியது. பெருமக்கள் போற்றிய பினோ என்னும் கொடிக்கும், உழவர் தம் தேவைக்கு வளர்த்து, மேலோரால் இழித்துரைக்கப்பட்ட கூவே பிளான் என்னும் கொடிக்கும் பிறந்ததே ஷார்டொனே. கூவே பிளான் பல இடங்களில் பயிரிடத் தகாதது என்று தடை செய்யப்பட்டிருந்தது. ஒதுக்கப்பட்ட அக்கொடியின் வழித்தோன்றலே இன்று உலகில் மிகுதியாகப் பயிராகும் வெண்திராட்சைகளுள் ஒன்று என்பது நினையத்தக்கது.

துறவியரும் வணிகரும்

ஷாப்ளியின் எழுதப்பட்ட வரலாறு துறவியரோடு தொடங்குகிறது. வைக்கிங்குகளின் படையெடுப்புக்கு அஞ்சி, புனித மார்ட்டினின் எச்சங்களைச் சுமந்து தூர் நகரத்திலிருந்து வந்த துறவியர்க்கு, 867ஆம் ஆண்டு சார்லஸ் மன்னர் ஷாப்ளியிலிருந்த மடம் ஒன்றை வழங்கினார். 1114ஆம் ஆண்டு அருகிலுள்ள பொன்தீன்யியில் சிஸ்டெர்சியத் துறவியரின் மடம் எழுந்தது. சில ஆண்டுகளிலேயே அவர்கள் ஷாப்ளியின் திராட்சைத் தோட்டங்களிலும் உரிமை பெற்றனர். மதுவைச் சேமிக்க அவர்கள் கட்டிய கிடங்கு 'சிறிய பொன்தீன்யி' என்னும் பெயரோடு இன்றும் ஊருக்குள் நிற்கிறது.

துறவியர் வளர்த்ததை ஆறு வளர்த்தது. ஓசேர் நகரத் துறையில் ஏற்றப்பட்ட பீப்பாய்கள் யோன் ஆற்றின் வழியே சேன் ஆற்றை அடைந்து, பாரிசின் தாகம் தணித்தன. 19ஆம் நூற்றாண்டில் யோன் மாவட்டம் முழுவதும் ஏறத்தாழ 40,000 ஹெக்டேரில் திராட்சை செழித்தது.

வீழ்ச்சி

1850களில் தென்பகுதியைப் பாரிசோடு இணைத்த இருப்புப்பாதை, வெயில் நாட்டு மலிவு மதுவைத் தலைநகருக்குக் கொண்டுவந்து குவித்தது. 1880களின் பிற்பகுதியில் பிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி தோட்டங்களைத் தாக்கியது. எஞ்சியவற்றை உழுது காக்க வேண்டிய இளைஞர் பலரை முதல் உலகப்போர் விழுங்கியது. 1938ஆம் ஆண்டு ஷாப்ளி என்னும் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிட்டிய போது, காப்பதற்குப் பெயர் இருந்தது; தோட்டங்களோ சுருங்கியிருந்தன. 1945, 1957 ஆகிய ஆண்டுகளின் வேனில் உறைபனி இருந்தவற்றையும் கருக்கியது. 1950களில் அவ்வூரில் எஞ்சியது ஏறத்தாழ 500 ஹெக்டேர் மட்டுமே.

அவர்கள் நிலத்தைக் கைவிடவில்லை. தளிர் விடும் காலத்து இரவுகளில் கொடிகளுக்கிடையே எண்ணெய்ச் சட்டிகளை ஏற்றினர். பின்னர், தளிர்களின் மேல் இரவெல்லாம் நீர் தெளிக்கும் முறையைக் கைக்கொண்டனர். நீர் உறையும் போது வெளிப்படும் வெப்பம், பனிக்கட்டிக்குள் இருக்கும் தளிரைக் கருகாமல் காக்கிறது. பனியைப் பனியால் தடுத்த இம்முறைகளால் சாகுபடி மீண்டும் பெருகியது. இன்று அது 5,500 ஹெக்டேருக்கும் மேல். இப்பெருக்கமும் பூசலின்றி நிகழவில்லை. கிம்மெரிட்ஜியன் மண் உள்ள சரிவுகளே ஷாப்ளி என்றனர் ஒரு சாரார். அண்டை நிலமும் அப்பெயருக்கு உரியது என்றனர் மற்றொரு சாரார். பின்னவர் கருத்தே மேலோங்கியது.

பெயரும் பொழுதும்

ஊரார் நிலத்தைக் காத்து நின்ற காலத்தில் பெயர் கடல் கடந்து போயிற்று. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மலிவான வெண்மதுவிற்கெல்லாம் ஷாப்ளி என்று பெயரிட்டனர். அமெரிக்காவில் இளஞ்சிவப்பு மதுவும் அப்பெயரில் விற்கப்பட்டது. அவற்றுட் பலவற்றில் ஷார்டொனேயின் துளியும் இல்லை. ஓர் ஊரின் சிறப்புப்பெயர் பொதுப்பெயராகத் தேய்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் செய்துகொண்ட உடன்படிக்கைகளின் பயனாக ஆஸ்திரேலியா 2011ஆம் ஆண்டளவில் அவ்வழக்கை விட்டது. அமெரிக்காவோ 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையில் புதியன புகாமல் தடுத்து, பழைய வணிகப் பெயர்களை மட்டும் தொடர விட்டது.

பெயரை உடன்படிக்கையால் மீட்கலாம். பொழுதை அவ்வாறு மீட்க இயலாது. பர்கண்டியின் போன் நகரில் 1354ஆம் ஆண்டு முதல் கிடைக்கும் திராட்சை அறுவடை நாட்களைத் தொகுத்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. 1988க்குப் பின் அறுவடை சராசரியாக 13 நாட்கள் முந்திவிட்டதை அது காட்டியது. வெப்பம் கூடினால் உறைபனியின் தொல்லை ஒழியும் என்று கருதுவது இயல்பு. நிகழ்ந்ததோ வேறு. மார்ச் மாதத்து வெம்மையில் கொடிகள் முன்கூட்டியே தளிர்க்கின்றன. ஏப்ரல் பனி அத்தளிர்களைக் கருக்குகிறது. 2021ஆம் ஆண்டு அவ்வாறே பேரழிவு நேர்ந்தது. மறுபுறம், வெயில் மிகுந்த கோடைகளில் பழம் விரைந்து முதிர்வதால், எந்தப் புளிப்பால் ஷாப்ளி அறியப்பட்டதோ அதுவே குறையத் தலைப்பட்டுள்ளது.

கிளைகளைக் காலந்தாழ்த்திக் கழித்துத் தளிர்ப்பைத் தள்ளிவைக்கின்றனர் உழவர். புளிப்பு நீங்குமுன் பழத்தைப் பறிக்க விரைகின்றனர். பனிக்கு அஞ்சி வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள், இன்று அக்குளிர் நீங்கிவிடுமோ என்றும் அஞ்ச வேண்டியவராயினர். ஆயினும் ஏப்ரல் இரவுகளில் ஸெரேன் கரைச் சரிவுகளில் தீச்சட்டிகள் இன்றும் எரிகின்றன. விடியும் வரை அவற்றின் அருகே மனிதர் விழித்திருக்கின்றனர்.