டான்காஸ்டர் பெல்ஸ்: சீட்டு விற்றவர்களின் அணி

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள டான்காஸ்டர், நிலக்கரியும் ரயிலும் சோறு போட்ட ஊர். 1969இல் அந்த ஊரின் பெல் வியூ மைதானத்தில் ஆண்கள் கால்பந்து ஆடும் நாட்களில் சில பெண்கள் கூட்டத்துக்குள் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். நுழைவுச் சீட்டு அல்ல, 'கோல்டன் கோல்' என்ற பரிசுச் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு நேரம் அச்சிடப்பட்டிருக்கும். ஆட்டத்தின் முதல் கோல் அந்த நேரத்தில் விழுந்தால் சீட்டை வைத்திருப்பவருக்குப் பரிசு. மிச்சப் பணம் டான்காஸ்டர் ரோவர்ஸ் என்ற ஆண்கள் கிளப்புக்கு. ஆண்களின் ஆட்டத்துக்குக் காசு சேர்த்துக் கொடுத்த அந்தப் பெண்கள், நாமே ஆடினால் என்ன என்று ஓர் அணியைத் தொடங்கினார்கள். மைதானத்தின் பெயரையே எடுத்து 'பெல் வியூ பெல்ஸ்' என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு அது டான்காஸ்டர் பெல்ஸ் ஆயிற்று.

'பெல்' என்றால் அழகி. தமிழில் 'டான்காஸ்டர் அழகிகள்' என்று எழுதினால் அழகுப் போட்டி என்றுதான் நினைப்போம். பெண்கள் அணிகளுக்கு இப்படிப்பட்ட பெயர்கள் வாய்த்ததன் பின்னணி நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும், முழங்கால்வரை சேறு அப்பிய பதினொரு பேர் 'அழகிகள்' என்று களத்தில் இறங்குவதில் ஒரு நக்கல் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. பெல் வியூ மைதானம் இன்று இல்லை. 2007இல் ரோவர்ஸ் புது ஸ்டேடியத்துக்குக் குடிபெயர்ந்தபின் பழையதை இடித்துவிட்டார்கள். அதன் பெயரின் பாதியைச் சுமந்துகொண்டிருப்பது பெண்கள் அணிதான்.

இந்த அணி பிறந்தபோது அங்கே பெண்கள் கால்பந்தின் மீது ஒரு தடை இருந்தது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் 'டிக், கெர் லேடீஸ்' அணி ஆடியதைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் கூடினார்கள். ஓராண்டு முடிவதற்குள், 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்துச் சங்கம் தன் கீழுள்ள எந்த மைதானத்தையும் பெண்களுக்குத் தரக்கூடாது என்று தீர்மானம் போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்ற காரணத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். தீர்மானத்தின் இன்னொரு பகுதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. தர்ம காரியத்துக்கு வசூலான பணத்தில் செலவுக்கென்று அதிகம் எடுக்கப்படுகிறது, தர்மத்துக்குப் போவது குறைவு என்ற குற்றச்சாட்டு அது. ஒழுக்கத்தோடு சேர்த்துக் கணக்குப் புத்தகத்தையும் நீட்டினார்கள். பெண்கள் தங்கள் உழைப்பால் வந்த பணத்தில் தங்கள் செலவுக்கு எடுத்தது உறுத்தியிருக்கிறது.

தடை அரை நூற்றாண்டு நீடித்தது. 1969இல் பெண்களே தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். 1971இல் பெண்களுக்கான கோப்பைப் போட்டி தொடங்கியது. பெல்ஸின் காலம் அங்கிருந்து விரிகிறது. 1983, 1987, 1988, 1990, 1992, 1994 என்று ஆறு முறை கோப்பை. 1991–92இல் தேசிய லீக் தொடங்கியபோது முதல் பட்டமும் அவர்களுக்கே. அணியின் ஜிலியன் கோல்டார்ட் இங்கிலாந்துக்காக நூறு ஆட்டங்களைத் தொட்ட முதல் பெண். மொத்தம் 119. இவர்களில் யாருக்கும் கிளப் சம்பளம் கொடுக்கவில்லை. வேலை முடித்து வந்து பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். பல ஆண்டுகள் அவர்கள் ஆடியது ஆர்ம்தார்ப் என்ற சுரங்கக் கிராமத்தின் மைதானத்தில். அதே கிராமத்தின் மார்க்கம் மெயின் சுரங்கத்தை மூட அரசு முனைந்தபோது, 1993இல் வாசலில் முகாமிட்டுப் போராடியவர்களும் பெண்கள்தான். அவர்களையும் அணியையும் நேராக முடிச்சுப்போட என்னிடம் ஆதாரமில்லை. ஒரே ஊர், ஒரே பத்தாண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1993இல் பெண்கள் ஆட்டத்தின் நிர்வாகத்தைக் கால்பந்துச் சங்கம், அதாவது தடை போட்ட அதே சங்கம், தன் கைக்கு எடுத்துக்கொண்டது. தடைக்காக அது மன்னிப்புக் கேட்டது 2008இல். 2011இல் எட்டு அணிகளுடன் சூப்பர் லீக் தொடங்கியபோது பெல்ஸும் அதில் இருந்தது.

2013 ஏப்ரலில் சீசன் தொடங்கி ஒரே ஓர் ஆட்டம் ஆடியிருந்தபோது செய்தி வந்தது. பெல்ஸ் அடுத்த ஆண்டு இரண்டாம் அடுக்குக்கு இறக்கப்படும். புள்ளிப் பட்டியலில் எந்த இடத்தில் முடித்தாலும் சரி. அதுவரை இரண்டாம் அடுக்கில் ஆடிய மான்செஸ்டர் சிட்டிக்கு மேலே இடம். நிதி நிர்வாகம், மைதான வசதி, விளம்பரம், வீராங்கனைகளை வளர்க்கும் ஏற்பாடு ஆகியவற்றை வைத்துத் தகுதி அளந்தார்கள். மேல்முறையீடும் தோற்றது.

தகுதி என்ற சொல் வரும்போதெல்லாம் அதை உச்சரிப்பது யார் என்று பார்க்கப் பழகியவள் நான். ஐம்பது ஆண்டு மைதானம் தராதவர்கள், உனக்குத் தரமான மைதானம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். 1921இல் பணத்தை எடுத்துக்கொண்டது குற்றம். 2013இல் பணம் இல்லாதது குற்றம். மான்செஸ்டர் சிட்டியின் பணத்தை ஆண்களின் கிளப் கொடுத்தது. அந்தக் கிளப்போ, பெண்களுக்கு வாசல் சாத்தியிருந்த காலத்தில் தடையின்றி வளர்ந்தது. வறுமையை நான் கொண்டாடவில்லை. பெண்கள் முழுநேரச் சம்பளம் வாங்கி ஆடுவது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பணக்காரக் கிளப்பின் நிழல் நிலையானது என்ற நம்பிக்கைதான் உறுத்துகிறது. அதே 2013 தேர்வில் லிங்கன் நகரத்து அணியின் இடம் நாட்டிங்காமுக்கு மாற்றப்பட்டு நாட்ஸ் கவுன்டியாகியது. 2017இல் சீசன் தொடங்கும் தறுவாயில் அந்த அணி கலைக்கப்பட்டது. வீராங்கனைகள் ஒரே நாளில் வேலையிழந்தார்கள்.

பெல்ஸ் 2015இல் களத்தில் ஆடியே மீண்டும் மேலே ஏறியது. 2016இல் களத்தில் தோற்று இறங்கியது. அதில் புகார் சொல்ல ஒன்றுமில்லை. 2017–18இல் இரண்டாம் அடுக்கின் பட்டத்தை வென்றது. அதே கோடையில் புதிய உரிமத்துக்கான செலவைத் தாங்க முடியாமல் தானே விலகி நான்காம் அடுக்குக்குப் போனது. அந்த ஆண்டு இரண்டாம் அடுக்கில் புதிதாகச் சேர்ந்தது மான்செஸ்டர் யுனைடெட். 2005இல் தன் பெண்கள் அணியை மூடிவிட்ட கிளப் அது.

2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு இங்கிலாந்தை வழிநடத்தி வந்தவர் மில்லி பிரைட். கோல் வலையின் முன் நின்று ஸ்பெயினின் பெனால்டியைத் தடுத்தவர் மேரி இயர்ப்ஸ். இருவரும் தங்கள் இளவயதில் டான்காஸ்டரில் பெல்ஸின் சட்டையை அணிந்தவர்கள். அந்தக் கோடையில் பெல்ஸ் கீழடுக்கு லீக்கின் அடுத்த சீசனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.