கதீட்டர் வழி இதய வால்வுச் சிகிச்சையும் பிற்காலச் சிக்கல்களும்

மார்பைத் திறக்காமல், தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியே கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாயைச் செலுத்தி இதய வால்வை விரிவாக்குவதும் புதிய வால்வைப் பொருத்துவதும் கதீட்டர் வழி வால்வுச் சிகிச்சை எனப்படும். நோயாளி சில நாட்களில் வீடு திரும்பிவிடுவார். ஆனால் சிகிச்சையின் முழுப் பலன் பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். இந்தியாவில் இச்சிகிச்சையைப் பெற்றவர்களில் பலர் இளம் வயதினர் என்பதால், பிற்காலச் சிக்கல்கள் இங்கு கூடுதல் கவனம் பெற வேண்டியவை.

வேலூரில் கிடைத்த பாடம்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் உண்டாகிறது. அது இதயத்தின் ஈரிதழ் வால்வைத் தடிக்கச் செய்து, இதழ்களின் ஓரங்களை ஒட்டவைத்து வால்வைச் சுருக்கிவிடுகிறது. நெருக்கடியான வீடுகளில் வாழும் ஏழைக் குடும்பங்களையே இந்நோய் அதிகம் தாக்குகிறது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1949இல் வந்த ரீவ் பெட்ஸ் அங்கு மார்பு அறுவைத் துறையை நிறுவினார். இயங்கும் இதயத்தினுள் விரலையோ கருவியையோ நுழைத்து, ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும் 'மூடிய' அறுவை அங்கு பெருமளவில் நடைபெற்றது. ஸ்டான்லி ஜான் குழுவினர் இவ்வாறு சிகிச்சை பெற்ற 3,724 பேரின் நீண்டகால விவரங்களை 1983இல் வெளியிட்டனர். பெரும்பாலோர் பல்லாண்டுகள் நலமாக வாழ்ந்தனர்; சிலருக்கு வால்வு மீண்டும் சுருங்கியது. வால்வைத் திறந்துவிட்டாலும் நோய் முற்றிலும் தீர்ந்துவிடுவதில்லை என்பது இதனால் தெளிவானது.

பலூன் சிகிச்சை

ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே 1982இல் இதே பணியைப் பலூனைக் கொண்டு செய்து, 1984இல் முடிவுகளை வெளியிட்டார். இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு இடையே நூல்வலை வைத்து அமைந்தது இந்தப் பலூன். குறித்த அளவுக்கு மேல் விரியாதபடி அவ்வலை அதைக் கட்டுப்படுத்துகிறது. ஜவுளி இழைகளுக்குப் பெயர்பெற்ற டோரே நிறுவனமே இதைத் தயாரித்தது.

ஐதராபாத் நிசாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 60 நோயாளிகளிடம் பலூன் முறையும் திறந்த அறுவையும் ஒப்பிடப்பட்டன. 1994இல் வெளியான மூன்றாண்டு முடிவுகளில் பலூன் முறை அறுவைக்குச் சற்றும் குறையவில்லை. அதன் பின்னர், பொருத்தமான வால்வு உள்ளவர்களுக்குப் பலூனே முதல் தேர்வாயிற்று.

இச்சிகிச்சைக்குப் பின் தோன்றக்கூடிய சிக்கல்கள் வருமாறு:

* வால்வு மீண்டும் சுருங்குதல். தடித்த, சுண்ணாம்பு படிந்த வால்வுகளில் இதற்கு வாய்ப்பு அதிகம்.
* இதழ் கிழிந்தால் இரத்தம் பின்னோக்கிக் கசிதல்.
* இதயத் தடுப்புச் சுவரில் குழாய் சென்ற துளை மூடாதிருத்தல். பெரும்பாலும் இது தானே மூடிக்கொள்ளும்.
* இதயத்துடிப்பு ஒழுங்கற்றுப் போவதால் இரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வருதல்.

கருவுற்ற காலத்தில் உடலில் இரத்த அளவு கூடுகிறது. அதுவரை அறிகுறியின்றி இருந்த சுருக்கம் அப்போது மூச்சுத்திணறலாக வெளிப்படலாம். எனவே சிகிச்சை பெற்ற பெண்கள் கருத்தரிக்கும் முன்பே பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

செயற்கை வால்வின் காலம்

பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே 2002 ஏப்ரல் 16 அன்று கதீட்டர் வழியே பெருந்தமனி வால்வை மனிதருக்கு முதன்முதலில் பொருத்தினார். குஜராத்தின் வாபியைச் சேர்ந்த மெரில் நிறுவனத்தின் மைவால் 2018இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது.

முதலில் அறுவையைத் தாங்க இயலாத முதியோருக்கே இம்முறை பயன்பட்டது. எனவே வால்வு எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை. வயது குறைந்தோருக்கும் பொருத்தத் தொடங்கியபின் அக்கேள்வி முன்னுக்கு வந்தது. இவ்வால்வின் இதழ்கள் மாடு அல்லது பன்றியின் திசுவால் ஆனவை. காலப்போக்கில் தேய்ந்து விறைக்கக்கூடியவை. இதழ்களில் இரத்தம் உறைவதும், கிருமித்தொற்று ஏற்படுவதும் உண்டு. வால்வின் ஓரமாக இரத்தம் கசிவதைக் குறைக்கப் புதிய வால்வுகளின் வெளிப்புறத்தில் துணிப்பட்டை சேர்க்கப்படுகிறது. இதயத்தின் மின்பாதை அழுத்தப்படுவதால் சிலருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படும். பழைய வால்வுக்குள் புதியதைப் பொருத்த முடியும் என்றாலும், இதயத் தமனிகளின் வாய் மறைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடர் கண்காணிப்பு

ருமாட்டிக் நோயாளிகள் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை, பலூன் சிகிச்சை முடிந்துவிட்டது என்பதற்காகத் தாமாக நிறுத்தக்கூடாது. மருந்துத் தேர்விலும் கவனம் தேவை. ஒழுங்கற்ற துடிப்புள்ள ருமாட்டிக் நோயாளிகள் 4,500க்கும் மேற்பட்டோரிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளியானது. அதில், புதிய மருந்தான ரிவரோக்சபானைவிட வார்ஃபாரின் வகை மருந்து பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஆனால் வார்ஃபாரினுக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். தினக்கூலியை இழந்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய தொழிலாளிக்கு இது எளிதன்று.

எக்கோ பரிசோதனை, பல் சுகாதாரம், தவறாத மருந்து ஆகியவை இச்சிகிச்சையின் பகுதிகளே. குழாய் செருகிய தழும்பு சில வாரங்களில் மறைந்துவிடும். வால்வின் மீதான கண்காணிப்பு வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும்.