ஏலமலை ஏறிய கால்களும் தீபாவளிப் பலகாரமும்

எடை குறைப்பது பற்றி இணையத்தில் எழுதப்படுவதில் முக்கால்வாசி, எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்கிற பட்டியல்தான். இந்தக் குறிப்பு அதே விஷயத்தை ஒரு ஊரின் போக்குவரத்து வரலாற்றிலிருந்து பார்க்கும் முயற்சி. ஊர் போடிநாயக்கனூர். நாங்க சுருக்கமா போடின்னுதான் சொல்வோம். தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஏலமலையின் காலடியில் இருக்கிற ஊர்.

இங்கே ஒரு நூற்றாண்டில் இரண்டு விஷயங்கள் நடந்தன. உடம்பு செய்த வேலையைக் கம்பிவடமும் ரயிலும் ஜீப்பும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டன. வருஷத்துக்குச் சில நாள் மட்டும் கிடைத்த விருந்து, தினசரிச் சாப்பாடாக ஆனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்றைய தொப்பைக்கு வெறும் நாக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பது புரியும்.

மலை ஏற எத்தனை கலோரி?

போடி கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரம். அதற்கு வடமேற்கே குரங்கணி, கொட்டகுடி வழியாக ஏறினால் வரும் டாப் ஸ்டேஷன் சுமார் 1,700 மீட்டர். வித்தியாசம் 1,350 மீட்டர். பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே ஒரு கணக்குப் போடலாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் இவ்வளவு உயரம் ஏறினால், 60 × 9.8 × 1,350, அதாவது ஏறக்குறைய 7.9 லட்சம் ஜூல். நாம் சாப்பாட்டுக்குச் சொல்லும் கலோரியில் இது 190தான். அட, இவ்வளவுதானான்னு தோணும். ஆனால் தசை அவ்வளவு திறமையான எந்திரம் இல்லை. எரிக்கும் சக்தியில் 20 முதல் 25 சதவீதம்தான் வேலையாக மாறும், மிச்சம் வெப்பமாகப் போய்விடும். ஆக, ஏற்றத்துக்கு மட்டும் 760 முதல் 950 கலோரி செலவு. தலையில் 20 கிலோ சுமையும் இருந்தால் 1,000 முதல் 1,270 வரை போகும். சமதள நடையும் உடம்பின் அன்றாடச் செலவும் இதற்கு மேல்.

ஒரு நெய் லட்டை உத்தேசமாக 200 கலோரி என்று வைத்துக்கொண்டால், சுமையோடு ஒரு ஏற்றம் என்பது ஐந்தாறு லட்டு. அந்த உடம்புக்குப் பண்டிகைப் பலகாரம் ஒரு பிரச்சினையே இல்லை.

கால் ஓய்ந்த வரிசை

1877ல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். அதன்பின் அங்கே காபி, சின்கோனா, தேயிலை என்று தோட்டங்கள் வளர்ந்தன. அந்தத் தோட்டங்களுக்குச் சமவெளியின் வாசல்களில் ஒன்று போடி. ஆட்களும் சாமான்களும் இந்தப் பக்கத்திலிருந்து மேலே போனபோது, பெரும்பாலும் கால்நடையாகவும் தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும்தான் போயின.

1902ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் பக்கம் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். மாடுகள் இழுத்த அந்த வண்டிப்பாதை, 1908ல் நீராவி எஞ்சின் ஓடும் சிறு ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவடம். அங்கே இறங்கிய தேயிலைப் பெட்டிகள் சுமார் 15 கி.மீ. மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. கொட்டகுடிப் பக்கத்துக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர் இருந்தது. 1924 வெள்ளத்தில் அந்த மலை ரயில் அடித்துக்கொண்டு போனது. நான்கே வருஷத்தில், 1928ல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்துவிட்டது. இடையில் உலகப் போருக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்ததும், 1950களில் மறுபடி போட்டதும், 2010 முடிவில் அகலப்பாதைக்காக நிறுத்தி 2023 ஜூனில் திரும்ப ஓடவிட்டதும் தனிக் கதை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், எந்திரம் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வரவில்லை. பாதை இல்லாத உச்சிகளில் மனுஷக் கால்தான் ரொம்ப நாள் வேலை செய்தது. 1930களில் கொழுக்குமலையில் தேயிலைத் தொழிற்சாலை வந்தபோது, அதன் இயந்திரங்களை ஆட்களே தோளில் சுமந்து ஏற்றினார்கள் என்பது அங்கே இன்றும் சொல்லப்படும் வரலாறு.

அப்புறம் போடிமெட்டுச் சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளோடு. இன்று விடியற்காலையில் போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் நின்று பார்த்தால், ஏலத் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறும். ஒரு காலத்தில் கால் செய்த வேலையை டீசல் செய்கிறது.

தோட்டத்துக்குள் வேலை மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏலக்காய், செடியின் உச்சியில் காய்க்காது. அடியிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். சரிவில் குனிந்து, குத்தவைத்து, பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்கணும். அதே காய் உலர்ந்து போடிக்கு வந்ததும், கிட்டங்கிகளில் உட்கார்ந்து தரம் பிரிக்கும் வேலை. அதற்கடுத்தது ஏல மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து விலை கேட்பது. மலையிலிருந்து கீழே இறங்க இறங்க ஏலக்காயின் மதிப்பு கூடுகிறது, அதைக் கையாள்பவரின் அசைவு குறைகிறது. இந்த வரிசையின் கடைசியில், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கோடு அடிக்கும் என்னைப் போன்ற ஆட்கள்.

வங்காளத்துச் சணல் ஆலை

போடிக்கு இப்படி ஒரு ஆய்வு நடந்ததாக நான் பார்த்ததில்லை. ஆனால் உடல் உழைப்பு வாரியாக ஆட்களை வரிசைப்படுத்திப் பார்த்த ஒரு ஆய்வு இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் மேற்கு வங்கத்தில் லட்லோ சணல் ஆலையைச் சேர்ந்த 213 பேரைப் பார்த்து, 1956ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு முனையில் கடையில் உட்கார்ந்திருப்பவர்களும் குமாஸ்தாக்களும். மறு முனையில் சுமை தூக்குபவர்கள்.

கடினமான வேலை செய்பவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், எடை கூடவில்லை. இதில் ஆச்சரியம் இல்லை. லேசான வேலை செய்பவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அவர்களுக்கும் எடை அளவோடுதான் இருந்தது. ஆனால் அசையவே அசையாதவர்கள், இன்னும் குறைவாகச் சாப்பிட வேண்டியவர்கள், கிட்டத்தட்ட சுமை தூக்குபவர்கள் அளவுக்குச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம்.

அதாவது, ஓரளவு உழைப்பு இருக்கும்வரை பசி தானாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. உழைப்பு ஒரு எல்லைக்குக் கீழே போனால் பசியின் கணக்கு பிசகுகிறது. நடை வெறுமனே கலோரியை எரிப்பதற்கு மட்டுமில்லை, போதும் என்று சொல்லும் புத்தி வயிற்றுக்கு இருப்பதற்கும் அது உதவலாம் என்று இதை வாசிக்கலாம். இது 213 பேரை ஒரு காலகட்டத்தில் பார்த்த ஆய்வுதான், கடைசித் தீர்ப்பு இல்லை. ஆனாலும் மலை வேலையை விட்டு இறங்கியவர்கள் அதே குவியல் சோற்றை ஏன் தொடர்ந்தார்கள் என்பதற்கு நான் பார்த்ததில் நல்ல விளக்கம் இதுதான்.

நெல்லுச் சோறு தினமும் வந்த பிறகு

மானாவாரிக் கிராமங்களில் பெரியவர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும். அன்றாடம் சோளச் சோறு, கம்பங்கூழ், கேப்பைக் களி. நெல்லுச் சோறும் கறியும் தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா. அதிரசமும் முறுக்கும் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை. ஏலக்காய் அறுவடையும் ஆடி, ஆவணி வாக்கில் தொடங்கிப் பொங்கலைத் தாண்டிப் போகும். ஆக, மலைக்குப் போனவர்களுக்குப் பலகாரம் வந்த மாதங்கள்தான் வேலை உச்சத்தில் இருந்த மாதங்கள்.

இதைப் பொற்காலம்னு யாரும் நினைச்சிட வேண்டாம். அந்த ஒல்லி உடம்புகளில் பாதி பசியின் அடையாளம், மலேரியாவின் அடையாளம். சுமை தூக்கிய யாரும் உடற்பயிற்சிக்காகத் தூக்கவில்லை. ரேஷன் அரிசியும், 2011 ஜூனிலிருந்து அது விலையில்லாமல் கிடைப்பதும் பட்டினியை விரட்டிய சாதனைகள். ஜீப் வேண்டாம், நடந்தே தோட்டத்துக்குப் போங்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்ல எவருக்கும் யோக்கியதை கிடையாது.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இந்திய அளவில் வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம்.

பண்டிகை எடை எவ்வளவு?

அமெரிக்காவில் 195 பேரை வைத்துச் செய்து, 2000ல் வெளியான ஒரு ஆய்வு. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையிலான பண்டிகைக் காலத்தில் கூடிய எடை சராசரியாக 0.37 கிலோ. மக்கள் நினைத்ததைவிட ரொம்பக் குறைவு. ஆனால் அந்த எடை பிறகு கணிசமாக இறங்கவில்லை, அப்படியே தங்கியது. பத்துப் பண்டிகைக் காலம் போனால் என்ன ஆகும்னு நீங்களே கூட்டிப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் கூடுதலாக அசைந்ததாகச் சொன்னவர்களுக்கு எடை குறைவாகவே கூடியது. 2016ல் வந்த இன்னொரு ஆய்வு அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் மூன்றையும் பார்த்தது. அந்தந்த நாட்டுப் பண்டிகையை ஒட்டி எடை ஏறியது. ஆக, இது கேக்கின் குற்றமோ லட்டின் குற்றமோ இல்லை.

ஒரு கிலோ உடல் கொழுப்பு உத்தேசமாக 7,700 கலோரி. அப்படியானால் 0.37 கிலோ என்பது சுமார் 2,850 கலோரி. ஆறு வாரத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 68. லட்டில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது சுமார் இருபத்தைந்து நிமிட நடை. பட்டினி கிடந்து தீர்க்க வேண்டிய அளவுக்குப் பெரிய கணக்கு இல்லை இது.

இனி என்ன செய்யலாம்?

நம்ம பக்கத்துத் திருவிழாக்களிலேயே நடை இருந்தது. போடி பரமசிவன் கோயில் மலைமேல்தான் இருக்கிறது. கூடலூர் பக்கம் சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடியிலிருந்து இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் காட்டுப்பாதையில் ஆறேழு கிலோமீட்டர் ஏறுகிறார்கள். குமுளி வழியாக ஜீப்பும் போகிறது. இரண்டு வழியிலும் போனவர்கள் ஒரே கோயிலைத்தான் கும்பிடுகிறார்கள், இறங்கி வந்து சாப்பிடும் சாப்பாட்டுக்குத்தான் அர்த்தம் வேறு.

என் அளவில் நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். பண்டிகை நாளில் பலகாரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் பண்டிகை என்றால் அந்த ஒன்றிரண்டு நாள்தான். டப்பாவில் மிஞ்சியது மறுநாளே பக்கத்து வீடுகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் போய்விடும். ஊருக்குப் போனால் கடைக்கும் கோயிலுக்கும் வண்டி எடுப்பதில்லை. மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் காய்கறி. சர்க்கரை நோய்க்கோ இதயத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் மட்டும், மலை ஏறுவதற்கும் சாப்பாட்டை மாற்றுவதற்கும் முன்னால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னச் சோதனையும் உண்டு, விருப்பமிருந்தால் செய்து பாருங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து, அதே தராசில், அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் இடையில் அரை கிலோ கூடியிருந்தால் பதற வேண்டாம். அது அடுத்த தீபாவளி வரை அங்கேயே தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.